‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான்

“ரத்து செய்யப்பட்டது” என்ற வாக்கியத்தை அந்த மென்பொருளுக்குள் தமிழில் எழுதிவைத்த ஆள்தான் என் அக்கா கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. ஒரு சந்திப்பிழைகூட இல்லாமல் எழுதியிருக்கிறார், அதனால் நன்றாகப் படித்தவர் என்று மட்டும் தெரிகிறது. அவருக்கு என் கையால் ஒரு டம்ளர் காபி கொடுத்து, முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறேன்.

அவருக்கு அடுத்த குற்றவாளி நான். மறுத்துப் பயனில்லை. சாட்சிகள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் செம்மண்டலம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கல்லூரி பிராஜெக்ட்டுக்காகத் திரையில் ஒரு சன்னல், அதற்குள் நாலு பொத்தான், பொத்தானை அமுக்கினால் ஒரு படம் என்று செய்து காட்டி, ஆசிரியரிடம் “பரவால்லையே” என்று பேர் வாங்கியிருந்தேன். அந்த “பரவால்லையே”தான் எனக்குத் தலைக்கு ஏறியது. (இப்போது யோசித்தால், அவர் எல்லாரிடமும் அதையேதான் சொன்னார்.)

அந்தச் சன்னலையும் பொத்தானையும் நான் ஒன்றும் கோடு கோடாக வரையவில்லை. அதற்கென்று தயாராக எழுதிவைத்த தொகுப்புகள் இருக்கின்றன. பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா, குண்டான், கரண்டி, சாப்பாட்டு மேசை எல்லாம் அங்கே இருக்கும். நாம் எடுத்துவந்து சமைத்தால் போதும், அண்டா எப்படிச் செய்வது என்று தெரிய வேண்டியதில்லை. தொகுப்பும் அப்படித்தான். “எனக்கு ஒரு பொத்தான் வேண்டும்” என்று ஒரு வரி எழுதினால் பொத்தான் வரும். “படங்களை வரிசையாகக் காட்டு” என்றால் காட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உண்டு. வாடகை அண்டாவில் கடைக்காரர் தன் பேரை வெட்டிவைத்திருப்பார். தொகுப்புக்குள்ளும் அப்படிச் சில வாக்கியங்களை முன்பே வெட்டிவைத்திருப்பார்கள். ஏதாவது தடங்கல் வந்தால், நாம் ஒன்றும் எழுதாவிட்டாலும், தொகுப்பு தானாக ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அந்த வாக்கியத்தைக் காட்டும். இதைப் பற்றி அதன் கையேட்டில் எழுதியிருந்தார்கள். நான் கையேடு படிக்கிற ஆள் இல்லை.

இனி வீட்டு விஷயம். இது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அக்கா பெயர் அமுதா. அவளுக்கு முதலில் ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர்கள் வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது, கல்யாணம் நின்றுபோனது. காரணம்கூடச் சொல்லவில்லை. அப்பா தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். பத்திரிகை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே நேரில் போய், “கல்யாணம் இல்லிங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா ஆறு மாதம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில சொற்கள் கிடையாது. அம்மா தடை போட்டுவிட்டாள். பஸ் டிக்கெட்டைக்கூட “கேன்சல்” செய்யக் கூடாது, “மாத்தி வச்சிட்டேன்” என்றுதான் சொல்ல வேண்டும். கரண்ட் நின்றால், “கரண்ட் போயிருக்கு, வந்துடும்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து சிதம்பரத்திலிருந்து இளங்கோ மாமா வீட்டார் வந்தார்கள். மாமாவுக்கு அக்காவைப் பிடித்திருந்தது, அவர் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. பிடிக்காதவர் ஒரே ஒருவர், மாமாவின் சித்தப்பா தண்டபாணி. அவர் தன் மனைவி வழியில் பண்ருட்டியில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார். அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். “ஏற்கெனவே ஒரு எடத்துல பேசி நின்ன பொண்ணாமே” என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டதை எங்கள் அப்பா காதால் கேட்டார். எழுந்துபோய்க் கை கழுவினார், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் நான் வாயைத் திறந்தேன்.

“ஃபிளெக்ஸ் பேனர்லாம் யாருப்பா வைக்கிறாங்க இப்ப? மண்டப வாசல்ல பெரிய டச் ஸ்க்ரீன் வைக்கலாம். அக்கா போட்டோ, மாமா போட்டோ மாறி மாறி வரும். வர்றவங்க தொட்டா பூ கொட்டும். நானே செஞ்சி தரேன்.”

“நீயே செய்வியா?” என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை ஓங்கி அறைய வேண்டும் போல இருக்கிறது.

என் வகுப்புத் தோழி பெனாசிர், பரங்கிப்பேட்டைக்காரி, கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எதுக்குடி இவ்ளோ? போட்டோவ வீடியோவா மாத்தி டிவில ஓட விடு. வேல முடிஞ்சிது.”

“அது யார் வேணா செய்வாங்க.”

“அதான்டி சொல்றேன். யார் வேணா செய்றது தப்பா போவாது.”

கேட்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்தேன். அதில் இரண்டு முழு நாள் பூ கொட்டுவதற்கு மட்டும். ஒவ்வொரு இதழும் சுழன்று விழ வேண்டும் என்று பிடிவாதம். சன்னலின் தலைப்பில் “அமுதா – இளங்கோ திருமணம்” என்று பெரிய எழுத்தில் போட்டேன். மென்பொருளை மூடும்போது காட்டுவதற்கென்று தனியாக ஒரு திரை வரைந்தேன். கூப்பிய இரண்டு கை, கீழே “வருகைக்கு மிக்க நன்றி. அவசியம் சாப்பிட்டுச் செல்லவும்.” பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அதைப் போட வேண்டும் என்பது திட்டம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். வரவேற்பு நாள் மதியம், தலைப்பு தமிழில் இருக்கும்போது மற்றது ஆங்கிலத்தில் இருந்தால் அசிங்கம் என்று தோன்றி, மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். பொத்தான் எல்லாம் அழகாகத் தமிழில் வந்தது. மறுபடி சோதிக்கவில்லை. முகத்துக்கு ஃபேஷியல் செய்ய நேரம் குறித்திருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணி. சிதம்பரத்தில் மண்டபம். வாசலில் ஆள் உயரத் திரை, கடலூரில் கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்தது. மேசைக்கு அடியில் என் லேப்டாப், அதில் ஒரு பென் டிரைவ். போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது. நான் பட்டுப்புடவையில் (வாழ்க்கையில் இரண்டாவது தடவை) பன்னீர்ச் செம்போடு நின்றேன். பக்கத்தில் பெனாசிர் கல்கண்டு தட்டோடு நின்றாள். திரை அருமையாக ஓடியது. சின்னப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பூ கொட்ட வைத்தார்கள். “யாரு செஞ்சது?” என்று கேட்டவர்களிடம் எல்லாம் அப்பா என்னைக் கைகாட்டினார். நான் அடக்கமாகச் சிரிக்க முயன்றேன். (வீடியோவில் பார்த்தேன். பல்வலி போல இருக்கிறது.)

மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து காரில், பேண்டு வாத்தியத்தோடு அழைத்துவருகிற நேரம். அறைச் சாவி, பந்தி ஏற்பாடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க தண்டபாணி முன்னாலேயே வந்துவிட்டார். திரைக்கு முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

அந்த நேரத்தில் வீடியோக்காரர் அப்பாவிடம் வந்தார்.

“சார், ஒரு பென் டிரைவ் இருந்தா குடுங்களேன். எங்களுது ஃபுல்லாயிடிச்சி.”

“இருங்க, இங்க ஒண்ணு சும்மா சொருகி வச்சிருக்கு.”

அப்பா குனிந்தார். பிடுங்கினார். கொடுத்தார். நான் அதைப் பார்க்கவில்லை, பிறகு வீடியோக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்தது திரையை.

படங்கள் நின்றுவிட்டன. தொகுப்பு, படத்தை எடுத்துவரும் வேலை பாதியில் ரத்தானதைச் சொல்ல, தானாக ஒரு பெட்டியைத் திறந்தது. எந்த வேலை ரத்தானது என்று சொல்ல அந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். கையேட்டில் அதற்கு ஒரு வரி உண்டு: ஒவ்வொரு வேலைக்கும் பெயர் வையுங்கள், வைக்காவிட்டால் சன்னலின் தலைப்பையே பெயராக எடுத்துக்கொள்வோம். நான் வைக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

திரையின் நடுவில், ஒரு முழம் அகலத்தில் வந்த பெட்டியில் இருந்தது இதுதான்:

“அமுதா – இளங்கோ திருமணம் ரத்து செய்யப்பட்டது.”

அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். “சரி.”

என் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு சாய்ந்து யாரோ ஒரு பெரியம்மாவின் தோளெல்லாம் நனைந்தது. விசைப்பலகை மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்தேன், புடவை விடவில்லை. மண்டி போட்டு உள்ளே நுழைந்தேன், கொண்டை மேசையில் மாட்டிக்கொண்டது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே கிடக்கும் அந்த நிலைமையில் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தேன்.

தண்டபாணி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். மாட்டினார். உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, “சரி”யை அமுக்கினார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார்.

பெட்டி மறைந்தது. வேலை முடிந்துவிட்டது என்று மென்பொருள் தன்னை மூடிக்கொண்டது. மூடும்போது என்ன காட்டச் சொல்லியிருந்தேனோ அதைக் காட்டியது. கூப்பிய இரண்டு கை. “வருகைக்கு மிக்க நன்றி. அவசியம் சாப்பிட்டுச் செல்லவும்.” மேலிருந்து பூ கொட்டியது, ஒவ்வொரு இதழும் சுழன்று சுழன்று.

“என்னாது, கல்யாணம் நின்னுபோச்சா?”

“அதான் எழுத்துல போட்டாங்களே.”

“யாரு நிறுத்துனது?”

“மாப்ள வூட்டுக்காரருதான். சரின்னு அமுக்குனாரே, நான் பாத்தேன்.”

“பாவம் அந்த பொண்ணு. இது ரெண்டாவது வாட்டி.”

“பந்தி உண்டாம்ல, சாப்புட்டு போவோமா, எப்பிடி?”

“ஏய், ஒயர பிடுங்குடி!” என்று கத்திக்கொண்டே பெனாசிர் ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தாள். வாசல் வளைவில் இருந்த சீரியல் விளக்கு, அக்கா பேரும் மாமா பேரும் எரிந்துகொண்டிருந்த போர்டு, எல்லாம் அணைந்தது. திரை மட்டும் அணையவில்லை. அந்த அரை இருட்டில் கூப்பிய கை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது செய்தி அக்காவுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்த மாடிக்குப் போய்விட்டிருந்தது. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவர் மனதுக்குள் பழையபடி ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். “அப்பா, அது கம்ப்யூட்டர் தப்புப்பா, நான்தான்ப்பா...” என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை.

அப்போதுதான் அக்கா இறங்கி வந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை. பாதி சடை பின்னியிருந்தது, மீதி முடியை அழகுநிலையத்துப் பெண் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராக தண்டபாணியிடம் போனாள்.

“மாமா, நீங்கதான் சரின்னு அமுக்குனீங்களாமே?”

“எனக்கு என்னாம்மா தெரியும்? கண்ணாடி இல்ல. ஏதோ வந்து நின்னுச்சி, அமுக்குனேன். வெளம்பரம்னு நெனச்சேன்.”

அவர் பையில் கண்ணாடி துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், “இந்த எழவை வச்சதே நீதானே” என்று கேட்பார்கள். அது உண்மையும்கூட. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான், அதற்காகத்தான் இன்றுவரை அதிகம் வருத்தப்படுகிறேன்.

தெருமுனையில் பேண்டு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கார் வந்து நின்றது. இளங்கோ மாமா கழுத்தில் மாலையோடு இறங்கினார். ஆரத்தித் தட்டோடு யாரும் முன்னால் வரவில்லை. அக்கா வாசற்படியில் நின்று, ஊரே கேட்கும்படி கேட்டாள்.

“கல்யாணம் இருக்கா, இல்லையா? இப்பவே சொல்லிடுங்க. எங்க அப்பாவ திரும்பவும் வூடு வூடா அனுப்ப முடியாது.”

பேண்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மாமா ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் விழித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் காதில் சொன்னார். மாமா திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“நின்னுபோச்சுன்னா நான் எதுக்குங்க இந்த புழுக்கத்துல கோட்டு மாட்டிக்கிட்டு மாலையோட வர்றேன்?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “இருக்குன்னு சொல்லுங்க” என்றாள்.

“இருக்கு” என்றார் மாமா. அடுத்து, “இத யாரு செஞ்சது?” என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

“நான்தான் மாமா.”

“பூ நல்லா கொட்டுது” என்றார்.

அதற்குப் பிறகு நான் அழுத அழுகையில் ஃபேஷியல் வீணாய்ப் போனது. அப்பாவைப் பெனாசிரும் நானும் கையைப் பிடித்துத் தூக்கி, மாப்பிள்ளையை வரவேற்க வைத்தோம். மறுநாள் காலை தாலி கட்டும்போது மண்டபத்தில் மின்சாரத்தில் ஓடிய ஒரே சாமான் மின்விசிறி. மற்ற எல்லாவற்றையும் அம்மா பிடுங்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெட்டி வந்ததே தான் பென் டிரைவைப் பிடுங்கியதால்தான் என்பது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். அப்பா, அது உங்கள் தப்பில்லை. ஒரு பென் டிரைவைப் பிடுங்கினால் கல்யாணம் ரத்தாகும்படி மென்பொருள் எழுதியவள் மேல்தான் தப்பு.

இப்போது நான் ஒரு நிறுவனத்தில் அதே வேலையைத்தான் செய்கிறேன். மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் திரை செய்கிறேன். கையேடு முழுவதும் படிக்கிறேன், அடிக்குறிப்பு உட்பட. என் குழுவில் “சரி” என்று ஒரு பொத்தான் வைத்தால் நான் சண்டைக்கு வருவேன் என்று எல்லாருக்கும் தெரியும். கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு அதற்குக் கீழே “சரி” என்று மட்டும் வைத்தால், பார்க்கிறவர் என்ன செய்வார்? வீடு எரிகிறது, சரி. கல்யாணம் இல்லை, சரி. அமுக்கினால் என்ன நடக்குமோ அதையே பொத்தானில் எழுது என்று புதிதாக வருகிறவர்களிடம் கத்துகிறேன். ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். காரணம் இதுதான்.

குடும்பத்தில் என் பெயர் “ரத்து.” அக்கா பிள்ளைகள் இரண்டும் என்னை “ரத்து சித்தி” என்றுதான் கூப்பிடுகின்றன. பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது பெரியவன் அப்படியே எழுதிவைத்தான், ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், “ரத்து வந்துட்டா, ஒயரெல்லாம் பத்திரம்” என்று ஒரு குரல் வரும். என் கல்யாணத்தில் என் கணவர் தாலி கட்டுவதற்கு முன்னால், “சரியா?” என்று ஐயர் ஏதோ கேட்க, மண்டபமே எழுந்து, “அமுக்கிடாதீங்க!” என்று கத்தியது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்கிறேன். செய்தேன், வாங்கிக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. இந்தக் கதையை எல்லா விசேஷத்திலும் மைக் பிடித்துச் சொல்கிறவரே தண்டபாணி மாமாதான். மேசைக்கு அடியில் நான் கொண்டை மாட்டிக் கிடந்ததை நடித்தே காட்டுவார். பெட்டி வந்தது என்பார், ஊரே சிரிக்கும். அடுத்து, கூப்பிய கை வந்தது என்பார். நடுவில் யார் எதை அமுக்கினார் என்பதை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை.

மாமா, அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் அக்காவின் சின்னவளுக்குக் காது குத்துகிறோம். நீங்கள் வருவீர்கள், மைக்கும் இருக்கும். அக்கா, அவள் வீட்டுக்காரர், எங்கள் அப்பா எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி போட்டுப் படித்தீர்களா, இல்லையா? கல்யாணம் ரத்து என்று புரிந்துதான் அமுக்கினீர்களா? உங்களுக்காக ஒரு பெட்டி செய்து எடுத்துவருகிறேன். அதில் “ஆமாம்”, “இல்லை” என்று இரண்டு பொத்தான் இருக்கும். எல்லார் முன்னாலும் ஒன்றை அமுக்குங்கள்.